கறுப்பின மக்களுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த சமத்துவம் மலையகத் தமிழருக்கு ஏன் கிடைக்கவில்லை?

1954இல் தர்குட் மார்ஷல் போன்ற வழக்கறிஞர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாங்கினார்கள், மலையகத்தில் ஏன் அப்படி யாரும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் பதினொரு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். இந்தக் கேள்வியை நானும் பல வருடம் மனதில் வைத்திருந்தேன்.

எங்களுக்காகவும் வழக்காடினார்கள். தோற்றோம். அதுவும் அமெரிக்கத் தீர்ப்புக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை வாசித்துப் பாருங்கள். எங்களைக் குறிக்கும் இந்தியத் தமிழர் என்ற சொல்லே அதில் இராது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் போலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடதாசியைக் கொண்டுவா என்று கேட்கப்பட்டவர்கள் நாங்கள்தான். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த வருடமே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1947 தேர்தலில் எங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் நாடாளுமன்ற ஆசனங்கள் வென்றிருந்தது. 1952இல் ஒன்றுமில்லை.

ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இல்லாததை எதிர்த்து கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்குத் தொடுத்தார். சுதந்திரத்தோடு வந்து அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்று சொன்னது. பட்டியலைத் திருத்தும் அதிகாரி அதை ஏற்று, அந்தச் சட்டங்கள் செல்லாது என்றே முடிவு கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. அப்போது எங்களுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் உச்ச நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. யார் தன் பிரஜை என்பதைத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்றது. இந்தியத் தமிழர் வந்துபோகும் வழக்கமுள்ளவர்கள் என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். மூன்று தலைமுறையாக ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி எழுதிய வாக்கியம் அது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு வலிக்கிறது.

இங்கேதான் உங்கள் ஒப்பீட்டில் நான் மாறுபடுகிறேன். எங்கள் 1953ஐ அவர்களுடைய 1954ஓடு வைக்கக் கூடாது, 1857ஓடு வைக்க வேண்டும். அந்த வருடம் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அந்நாட்டுப் பிரஜைகளாகவே முடியாது என்றது. உள்நாட்டுப் போர் நடந்து, 1868இல் 14ஆம் திருத்தம் வந்த பிறகுதான் அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுப் பிரஜை என்றானது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற வரியும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது. மார்ஷல் நின்று வாதாடியது அந்த வரியின் மேல். அதன் பிறகும் 86 வருடம் ஆனது. எங்கள் சட்டத்தரணிகளுக்கு நிற்க அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. எங்களை முதலில் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964 ஜூலையில். அதே வருடம் அக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரஜாவுரிமை இல்லாத எங்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மேசையில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

சட்டத்தரணிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரால் சுடப்பட்டு இறந்த கோவிந்தனின் மனைவிக்காக, விசாரணை ஆணைக்குழு முன் இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவைப் பற்றி பொலிசார் பதில் சொல்ல வேண்டி வந்தது அன்று பெரிய விஷயம். ஆனால் அவரே அமைச்சராக இருந்து வடித்த 1972 அரசியலமைப்பில்தான் 29ஆம் பிரிவு இல்லாமல் போனது. அந்த மனிதர் மேல் எனக்குள்ள மரியாதையையும் இந்த வருத்தத்தையும் நான் ஒன்றாகத்தான் சுமக்கிறேன்.

எங்கள் தாத்தா எழுபதுகளில், தோட்டத்தில் பஞ்சம் இருந்த நேரம், இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டும் வந்தது. போகத்தான் முடியவில்லை. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார் கப்பலும் நின்றது. தாத்தா இலங்கைப் பிரஜையாகாமலேயே கண்ணை மூடினார். 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. அப்பாயி கோயில் மண்டபத்தில் வரிசையில் நின்று பெருவிரல் ரேகை வைத்தார். வீட்டுக்கு வந்து, "இப்ப நான் இந்த ஊர்க்காரியாடா?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தைத் தாண்டி அவர் வாழ்ந்ததில்லை. அந்தச் சட்டத்தை எங்களுக்கு எந்த நீதிமன்றமும் தரவில்லை. மறுபடி வாக்குக் கிடைத்தவர்களும் தொழிற்சங்கங்களும் கொடுத்த நெருக்கடியில் நாடாளுமன்றம் தந்தது.

சமத்துவத்தைச் சொல்லும் இன்றைய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையையும் பாருங்கள். சட்டத்தின் முன் ஆட்கள் எல்லோரும் சமம் என்கிறது முதல் பந்தி. இனம், மதம், மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிற இரண்டாவது பந்தியில் இருப்பது பிரஜை என்ற சொல். 1978இல் இதை எழுதியபோது எங்களில் லட்சக்கணக்கானோர் பிரஜைகள் இல்லை.

அதனால்தான் எங்கள் கந்தோரில் நடக்கும் சின்ன வேலைகளை நான் சின்னதாக நினைப்பதில்லை. போன வாரம் ஓர் அம்மா வந்தார். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதிப் பணம் எடுக்க முடியவில்லை. தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிறப்புப் பதிவில் சிங்களத்தில் எழுதியதைத் திருப்பி வாசித்தால் ரமயி. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி எழுதி, ஐயாவிடம் கையெழுத்துக்கு வைத்தேன். வாசித்துக் காட்டியபோது அவர் இடையில் நிறுத்தி, தகப்பன் பெயரையும் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று கேட்டார். ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தேன்.