வாசகர் கேள்வி – பதில்: ஓம் ஷின்ரிக்கியோவில் மௌனம் காத்தவர்கள்

கேள்வி: 1995-இல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் இருந்தார்கள் என்று படித்தேன். இத்தனை படித்தவர்கள் வாய் திறக்காமல் இருந்தது எப்படி? – வாசகர், கும்பகோணம்.

பதில்: குருவின் மீதிருந்த பக்தி மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஷோகோ அசஹாரா 1984-இல் யோகா வகுப்பாகத் தொடங்கிய இந்த அமைப்பு, சில ஆண்டுகளில் மத நிறுவனமாகப் பதிவுபெற முயன்றது. 1988-இல் ஃபுஜி மலையடிவாரத்திலிருந்த அதன் தலைமையகத்தில், நிலைதடுமாறி நடந்துகொண்ட சீடர் ஒருவரைக் குளிர்ந்த நீரால் அடக்க முயன்றபோது அவர் இறந்துபோனார். வெளியே தெரிந்தால் பதிவு கிடைக்காது என்று அஞ்சி, உடலை வளாகத்துக்குள்ளேயே எரித்துவிட்டார்கள். அதை அறிந்திருந்த இன்னொரு சீடர் 1989 பிப்ரவரியில் விலக விரும்பியபோது, வெளியே சொல்லிவிடுவார் என்று அவரைக் கொன்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பதிவு கிடைத்தது. நவம்பரில், பிள்ளைகளை மீட்கப் போராடிய பெற்றோருக்காக வாதாடிய யோகோஹாமா வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் ஒரு வயதுக் குழந்தையையும் வீடு புகுந்து கொன்றார்கள்.

ஒரு விபத்தை மறைக்க ஒரு கொலை, அதன்பின் ஒரு குடும்பமே பலி என்று நீண்ட இந்த வரிசையில் கைகொடுத்த ஒவ்வொருவரும், அமைப்பைக் காட்டிக்கொடுத்தால் தாமும் சிறைக்குப் போகவேண்டியவராக ஆகிவிட்டார். கொலை என்பது இறப்பவரின் ஆன்மாவை மேலுலகுக்கு உயர்த்தும் கருணைச் செயல் என்று குரு தந்த விளக்கம், உறுத்திய மனச்சாட்சிக்கு மருந்தாக வந்து சேர்ந்தது. துறவு பூண்டவர்கள் சொத்தை ஒப்படைத்து, குடும்ப உறவையும் அறுத்துக்கொண்டவர்கள் என்பதால், மனம் மாறினாலும் அவர்கள் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

இகுவோ ஹயாஷி என்ற இதய அறுவை மருத்துவரை எண்ணிப் பாருங்கள். உளவாளி என்று சந்தேகிக்கப்பட்ட சீடர்களுக்கு ஊசி போட்டு, அரைமயக்கத்தில் அவர்களை விசாரிக்கும் பணி அவரிடம் இருந்தது. உயிர் காக்கக் கற்ற கை, சக சீடர்களின் இரகசியத்தைப் பறிக்கப் பயன்பட்டது. 1995 மார்ச் 20 காலையில், செய்தித்தாளில் சுற்றிய சாரின் பொட்டலத்தை, கூர்தீட்டிய குடைமுனையால் ரயிலுக்குள் குத்திவிட்டு இறங்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். அவர் விட்டுச்சென்ற பொட்டலத்தை அகற்றிய ரயில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். கைதான பிறகு அவரே முன்வந்து முழுவதையும் ஒப்புக்கொண்டதால், அரசுத் தரப்பு மரண தண்டனை கோரவில்லை. 1998-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கேள்வி: தப்பி வெளியே வந்தவர்களாவது காவல் துறையிடம் சொல்லியிருக்கலாமே? – வாசகி, ஈரோடு.

பதில்: வழக்கறிஞர் குடும்பக் கொலையில் நேரடியாகப் பங்கேற்ற ஒருவர் 1990-இல் அமைப்பிலிருந்து ஓடிப்போனார். குழந்தையின் உடல் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் வரைபடத்தைப் பெயரில்லாமல் அனுப்பினார். காவல் துறை தேடியும் உடல் அகப்படவில்லை. அதே சமயம் அசஹாராவிடம் பேரம் பேசி, வாய் திறக்காமலிருப்பதற்குப் பெருந்தொகை பெற்றுக்கொண்டார். மூவரின் உடல்களும் 1995 செப்டம்பரில்தான் கிடைத்தன. வழக்கறிஞரின் வீட்டில் அமைப்பின் சின்னம் கிடந்தும் விசாரணை உள்ளே நுழையத் தயங்கியது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மதத்தைத் துன்புறுத்துகிறோம் என்ற பழிக்கு அஞ்சிய அந்தத் தயக்கத்துக்கு, 1994 ஜூனில் மட்சுமோட்டோ நகரில் சாரினுக்குப் பலியானவர்களும் விலை கொடுத்தார்கள். அப்போது காவல் துறை சந்தேகித்தது, முதலில் அவசர உதவிக்கு அழைத்த, தம் மனைவியே நச்சால் நினைவிழந்த ஓர் அப்பாவியைத்தான்.

விலகியவர்களின் உறவினரும் தப்பவில்லை. சொத்தைக் கேட்டு நெருக்கியதால் தலைமறைவான ஒரு பெண்மணியின் இருப்பிடத்தை அறிய, அவருடைய அண்ணனை 1995 பிப்ரவரியில் டோக்கியோ தெருவிலேயே கடத்தினார்கள். மயக்க மருந்து செலுத்தப்பட்ட நிலையில் அவர் இறந்தார். வெளியேறியவர் பேசாதிருந்தால் அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: அந்த அமைப்பு இன்றும் இருக்கிறதா? – வாசகர், நாகர்கோவில்.

பதில்: அசஹாரா உட்பட 13 பேர் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள். அலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பும் அதிலிருந்து பிரிந்தவையும், 1999-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின்கீழ் அரசின் கண்காணிப்பில் இயங்குகின்றன. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருமாறு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், அலெஃப் அந்தத் தொகையை முழுமையாகச் செலுத்தவில்லை.