செரட்டோனின் ஸ்கேன் இருக்கட்டும், முதலில் தங்கையின் நாடியை எண்ணுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். என் தங்கைக்கு 17 வயது, ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படித்தாள். ஜூன் மாதம் 50 கிலோ இருந்தவள் இப்போது 36 கிலோ, உயரம் 158 செ.மீ. பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்துப் பயந்துபோய் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. கால் உருண்டை களியை அரை மணி நேரம் பிசைகிறாள், அப்புறம் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். ஆனால் எங்களுக்கெல்லாம் அவளே விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள். ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. இன்னமும் தொடை பெரிதாக இருக்கிறது என்று அழுகிறாள். அப்பா இதைத் திமிர் என்கிறார், அம்மா இரண்டு இடத்தில் மந்திரித்துவிட்டார். நெட்டில் பார்த்தால் இது மூளையில் செரட்டோனின் கோளாறு, பெட் ஸ்கேனில் தெரியும் என்று போட்டிருக்கிறது. பெங்களூரில் கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா? செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை கொடுத்தால் சரியாகுமா? மார்ச் பரீட்சைக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா?

பதில்: தம்பி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். 158 செ.மீ. உயரத்துக்கு 36 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 14.4 வருகிறது. இந்த வயதில் 20, 21 பக்கம் இருக்க வேண்டியது. இவ்வளவு குறைந்து, மாதவிலக்கும் நின்று, எழுந்தால் தலையும் சுற்றுகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய நிலைமை இல்லை. இன்று ராத்திரியே அவள் படுத்திருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுசாக நாடியை எண்ணச் சொல்லுங்கள், அம்மாவே எண்ணலாம். 50-க்குக் கீழே இருந்தாலோ, அவள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடக்கிறது என்றாலோ விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நாடி சரியாக இருந்தாலும் நாளைக்குள் போய்விட வேண்டும். உங்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம்தான், தருமபுரியும் பக்கம்தான், எதில் சீக்கிரம் போய்ச் சேர முடியுமோ அதற்குப் போங்கள்.

சரி, இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன்.

நெட்டில் நீங்கள் படித்தது பொய் இல்லை. உங்கள் தங்கைக்கு இருப்பது பெரும்பாலும் அனோரெக்சியா நெர்வோசாவாகத்தான் இருக்க வேண்டும், அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தள்ளும் நோய், நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த நோயில், மூளை நரம்புகள் ஒன்றோடொன்று சேதி சொல்லப் பயன்படும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் பங்கு என்ன என்று முப்பது வருடத்துக்கு மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், அமெரிக்காவில் வால்டர் கே என்ற மனநல மருத்துவரின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் எடுத்த பெட் ஸ்கேனும், நம் பக்கத்து நகரங்களில் எடுக்கும் பெட் ஸ்கேனும் ஒன்றல்ல. இங்கே பெரும்பாலும் புற்றுநோய்க்காக எடுக்கிறார்கள், அதற்குக் கதிரியக்கம் ஏற்றிய ஒரு சர்க்கரையை ஊசியில் போடுவார்கள், எந்தத் திசு சர்க்கரையை அதிகம் இழுக்கிறது என்று அது காட்டும். செரட்டோனினைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. எம்.ஆர்.ஐ.யும் சொல்லாது. செரட்டோனின் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அது போய் உட்காரும் ஏற்பிகளில் மட்டும் ஒட்டக்கூடிய தனி மருந்தைத் தயாரித்து ஏற்ற வேண்டும். அந்த மருந்துகளில் சிலவற்றில் சேர்க்கும் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும், அதனால் அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக எடுப்பது அது. கடன் வாங்கிக்கொண்டு நீங்கள் பெங்களூர் போனாலும் உங்கள் கையில் கிடைக்கப்போவது வேறு படம்.

சரி, அப்படியே அந்த ஸ்கேனை எடுக்க முடிந்தது என்று வையுங்கள், அப்போதும் உங்கள் தங்கைக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. ஒவ்வொரு ஆய்விலும் பத்து, இருபது பேரைத்தான் பார்த்திருக்கிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களையும் நோயே வராதவர்களையும் இரண்டு கூட்டமாக வைத்து சராசரி எடுத்தால், 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பியில் மருந்து ஒட்டுவது மீண்டவர்களுக்குச் சில இடங்களில் குறைவாக இருந்தது. 5-எச்டி1ஏ என்ற இன்னொரு ஏற்பியில், சாப்பாட்டைக் குறைப்பதோடு அளவில்லாமல் தின்று வாந்தியும் எடுத்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கூட்டத்தின் எண்களும் கலந்துதான் கிடக்கும். ஒரு பெண்ணின் படத்தை மட்டும் கையில் கொடுத்து இவளுக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். செரட்டோனினை உடம்பு டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. அதை நம் உடம்பால் உண்டாக்க முடியாது, பால், முட்டை, பருப்பு, நம் பக்கத்து நிலக்கடலை என்று சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வந்தாலும் மூளைக்குள் நுழைய அது மற்ற அமினோ அமிலங்களோடு போட்டி போட வேண்டும். சோறோ களியோ சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலின், அந்த மற்றவற்றைத் தசைக்குள் தள்ளிவிட்டு டிரிப்டோபானுக்கு வழி விடுகிறது. ஆக மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவளின் மூளையில் செரட்டோனின் மாறித்தான் இருக்கும். அந்த மாற்றத்தால் நோய் வந்ததா, நோயால் வந்த பட்டினியில் மாற்றம் வந்ததா என்று அந்த நிலையில் எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நன்றாகத் தேறி ஒரு வருடம், அதற்கும் மேல் ஆனவர்களைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது. முதுகுத் தண்டு நீரில் பார்த்ததில் செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள், நோயின்போது குறைவாகவும் தேறி வெகுநாள் ஆனபின் மற்றவர்களைவிட அதிகமாகவும் இருந்தது. அது பிறவியிலேயே இருந்த தன்மையா, நோய் விட்டுப்போன தழும்பா என்பது இன்றைக்கும் முடிவாகாத விஷயம்.

இதை வைத்து அந்த ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள், முழுதாக நிரூபிக்கப்பட்டது இல்லை, ஆனால் என் முன்னால் வந்து உட்காரும் பெண்பிள்ளைகள் சொல்வதோடு அது அவ்வளவு ஒத்துப்போகிறது. இவர்கள் சின்ன வயதிலிருந்தே எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று துடிப்பவர்கள், ஒரு மார்க் குறைந்தாலும் தூங்காதவர்கள், உள்ளுக்குள் ஓயாத பதற்றம். அந்தப் பதற்றத்தில் செரட்டோனினுக்குப் பங்கு இருக்கலாம். சாப்பாடு குறைந்தால் டிரிப்டோபான் குறையும், அதனால் கொஞ்ச நேரம் மனசு அமைதியாகும். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் அனோரெக்சியா உள்ளவர்களுக்கு டிரிப்டோபானைச் சில மணி நேரம் குறைத்துப் பார்த்தபோது பதற்றம் குறையவே செய்தது. நமக்கெல்லாம் பசித்தால் எரிச்சல் வரும், அவளுக்குப் பசியில்தான் நிம்மதி. திரும்பச் சாப்பிட ஆரம்பித்தால் பதற்றம் ஏறுகிறது, அதனால் தட்டைத் தள்ளுகிறாள். களியை அரை மணி நேரம் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் எதை எதிர்த்துப் போராடுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். திமிர் பிடித்து யாரும் ஐந்து மாதம் மாதவிலக்கு நிற்கும் அளவுக்குப் பட்டினி கிடக்க மாட்டார்கள். நமக்குப் படம் எடுக்க வழியில்லை என்றாலும், மற்றவர்களை வைத்து எடுத்த படங்களால் நம் வீட்டுக்கு ஒரு உபகாரம் உண்டு, இது மூளையும் உடம்பும் சேர்ந்த நோய், பிடிவாதம் இல்லை என்று அவை காட்டியிருக்கின்றன. மனநோய்களிலேயே உயிரை அதிகம் எடுப்பவற்றில் இது ஒன்று என்பதையும் அவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா மந்திரித்ததைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், பெற்ற பயம் அது. விரதம், ஒருவேளைச் சாப்பாடு என்று எந்த வேண்டுதலும் மட்டும் அவள் பேரில் வேண்டாம்.

அவள் விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், தாங்களாகவே முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்து ஆராய்ந்தார்கள். எடையில் கால் பங்கு போனபோது அவர்களில் பலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், ஒரு தட்டை மணிக்கணக்கில் வைத்துப் பிசைந்தார்கள், சோர்ந்து எரிந்து விழுந்தார்கள். அவர்களுக்கு உடல் தோற்றத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை, வெறும் பட்டினியே அப்படிச் செய்தது. உங்கள் தங்கை இழந்திருப்பது கால் பங்குக்கும் மேல். அதனால் இன்றைக்கு அவளிடம் நீங்கள் பார்க்கும் குணத்தில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு பட்டினியுடையது என்று எடை ஏறினபின் தான் தெரியும்.

அடுத்தது மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஃபுளூஆக்செடின் போன்ற மாத்திரைகள் செரட்டோனினைப் புதிதாகச் செய்வதில்லை, மூளை வெளியே விட்டதைத் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். செய்வதற்கான சரக்கே உள்ளே போகாதபோது எதைத் தடுத்து என்ன ஆகும்? எடை இவ்வளவு குறைந்த நிலையில் இந்த மாத்திரைகள் வேலை செய்வதில்லை என்பது ஆய்விலும் தெரிந்ததுதான். எடை ஏறியபின் கொடுத்தால் நோய் திரும்பாமல் இருக்குமா என்று 93 பேரை வைத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. புலிமியா என்ற நோயில், அதாவது அடக்க முடியாமல் நிறையத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் நோயில், இதே ஃபுளூஆக்செடின் நன்றாகவே உதவுகிறது. அதனால் உங்கள் தங்கை ஒளிந்து வாந்தி எடுக்கிறாளா, பேதி மாத்திரை வாங்குகிறாளா என்று திட்டாமல் கவனியுங்கள். சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வெகுநேரம் ஆகிறதா, கன்னத்தின் ஓரம் வீங்கியிருக்கிறதா, விரல் முட்டியில் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். டிரிப்டோபான் மாத்திரை, புரதப் பவுடர் என்றெல்லாம் விற்பவர்களிடமும் போக வேண்டாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை சாதாரணப் பரிசோதனைகள்தான். இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், சர்க்கரை, ரத்த அளவு, தைராய்டு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம். இதற்குப் பெங்களூர் போக வேண்டியதில்லை, கடனும் தேவையில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம்: பயந்துபோய் நாளையே மூன்று வேளையும் வயிறு முட்ட ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று அதிகமாக உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயம் நின்றுபோகவும் கூடும். அதனால்தான் முதல் ஒரு வாரம், பத்து நாள் உள்நோயாளியாக வைத்து, தினமும் ரத்தம் பார்த்து, தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்து, சாப்பாட்டைப் படிப்படியாக ஏற்றுகிறோம். பொது மருத்துவரோடு மனநல மருத்துவரும் முதல் நாளிலிருந்தே பார்க்க வேண்டும், அதை நீங்களே கேளுங்கள். இதற்கென்று அனுபவமுள்ள குழு வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள், ஓசூரில் இருக்கும் உங்களுக்கு அது தூரமும் இல்லை. நடுராத்திரியில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதுவரை நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த சிகிச்சை, லண்டனில் உருவானது, குடும்பத்தையே மருந்தாக வைப்பது. என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலத்துக்கு அவள் முடிவு செய்ய வேண்டாம், அம்மாவும் அப்பாவும் செய்வார்கள். தட்டில் வைத்ததை முடிக்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, அழுதாலும் கத்தாமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல், "கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு, நான் இங்கயேதான் இருக்கேன், இந்த வாய் வாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அவளைச் சமையல்கட்டில் விடாதீர்கள். உடம்பு தேறியிருக்கிறதே என்று சொந்தக்காரர் யாரும் பாராட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு சொல் அவளுக்குக் குண்டாகிவிட்டாய் என்றுதான் கேட்கும். ஆரம்பத்தில் பதற்றம் கூடத்தான் செய்யும், ஏன் என்று மேலே சொன்னேன். பட்டினியில் சுருங்கிய மூளை எடை ஏற ஏறப் பெருமளவு பழையபடி ஆவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள்.

மார்ச் பரீட்சைக்கு ஹாஸ்டல் வேண்டாம். தனியாகச் சாப்பிடும் இடத்துக்கு இப்போது அவளை அனுப்பக்கூடாது. எடையும் நாடியும் ரத்தமும் சரியாகி, பார்க்கும் டாக்டர் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து போய் எழுதட்டும், இல்லையென்றால் துணைத்தேர்வு இருக்கிறது, பள்ளியில் கொடுக்க மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பு போய்விடும் என்று அவள் பயப்படுவாள், அதற்கு ஆறுதலை அப்பா வாயால் சொல்ல வையுங்கள்: "ஒரு வருஷம் போனாப் போகட்டும் சாமி, நீ இரு."