கொப்பியில் கோடு போட்டது யார்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. உதைபந்தாட்டத்தில் வலது விங்கில், அதாவது வலது ஓரத்துத் தாக்குதல் இடத்தில் விளையாடுகிறான். 17 வயதுக்குட்பட்ட தேசிய உதைபந்தாட்ட அணிக்கான தெரிவு முகாமுக்கு அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாளும் நானும் மைதானத்தில் இருந்து, வேகம், பாஸ், டிரிப்ளிங், ஷூட்டிங், கோல் என்று ஒவ்வொரு பையனுக்கும் பத்துக்குப் புள்ளி போட்டேன். கடையில் வேலை அதிகம் என்பதால் கூட்டிச் சராசரி எடுத்துத் தந்தது என் மகள்தான், அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். மகன் எட்டாவது இடம். ஆனால் 23 பேர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவனுக்குக் கீழே வந்த 16 பேர் இருக்கிறார்கள்! போட்டோகொப்பி இணைத்திருக்கிறேன். அவன் நவம்பரில் பிறந்தவன், ஆள் கொஞ்சம் சிறியவன், ஆனால் திறமைசாலி. பூட்ஸ், ஓட்டோ, தனிப் பயிற்சி என்று எவ்வளவோ செலவழித்துவிட்டோம். தரம் 10 படிக்கும் மகளின் கணித வகுப்பைக்கூட ஜனவரியிலிருந்து நிறுத்தியிருக்கிறோம், அவள் புரிந்துகொண்டாள். தமிழ்ப் பையன் என்பதால்தான் விட்டுவிட்டார்களா? வரும் சனிக்கிழமை ஒரு பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். போராடலாமா? மகன் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.
— ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்:

தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. கிரிக்கெட்டுக்கு வந்திருக்கிறது, நடனத்துக்கு வந்திருக்கிறது, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு வருடம் தவறாமல் வருகிறது. பிள்ளை தெரிவாகவில்லை, அநியாயம் நடந்துவிட்டது, யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். ஆறுதல் சொல்லி நான் உங்களை அனுப்பிவைக்கப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோகொப்பியை முழுதாகப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

புள்ளிகள் உங்கள் கையெழுத்து, அவசரத்தில் போட்டவை. நிரல் பிரித்துக் கோடு போட்டிருப்பதும், ஓரத்தில் பென்சிலால் சிறிதாக எழுதியிருப்பதும் மகளின் கையெழுத்து. அந்தப் பென்சில் எழுத்தை நீங்கள் வாசித்தீர்களா?

கோல்காப்பாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'இவர்களுக்குக் கோல் நிரல் பொருந்தாது' என்று எழுதி, ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுத்திருக்கிறாள். இன்னொரு பையனுக்குப் பக்கத்தில், 'இரண்டாம் நாள் 25 நிமிடம்தான் விளையாடினார், கோலை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறாள். அப்புறம், உங்கள் மகனின் பெயருக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'அப்பா, அண்ணாவுக்கு மட்டும் இரண்டு நாளில் எது கூடவோ அந்தப் புள்ளியை எடுத்திருக்கு. மற்ற எல்லாருக்கும் இரண்டு நாளின் சராசரி. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்யவா?'

அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எட்டாவது இடம் அப்படியே கடிதத்தில் ஏறிவிட்டது.

15 வயதுப் பிள்ளை, யாரும் கேட்காமலே, ஒரு தெரிவில் எங்கெங்கே பிழை வரும் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். இந்தப் பிள்ளையின் கணித வகுப்பைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். அதைக் கடிதத்தில் பூட்ஸுக்கும் ஓட்டோவுக்கும் பக்கத்தில், செலவுக் கணக்கோடு கணக்காக எழுதியிருக்கிறீர்கள்.

'அவள் புரிந்துகொண்டாள்' என்கிறீர்களே, என்ன புரிந்துகொண்டாள்? இந்த வீட்டில் காசு தட்டுப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது தன்னுடைய பங்குதான் என்று புரிந்துகொண்டாள். அழுது சண்டை பிடித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். பேசாமல் இருந்தாள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். பேசாமல் விட்டுக்கொடுக்கும் பிள்ளையிடமிருந்தே திரும்பத் திரும்ப எடுக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அநேகமாக அது பெண்பிள்ளையாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. பெற்றவர்களின் உழைப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஒருவனின் ஆசைக்கு இன்னொருத்தியின் படிப்பை எடுத்துக் கொடுக்க அப்பாவுக்கும் உரிமை இல்லை, அம்மாவுக்கும் உரிமை இல்லை. உங்கள் மனைவி இதற்கு என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரையும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

தெரிவாளர்கள் எந்தக் காரணத்தால் மகனை விட்டார்கள் என்று கொதிக்கிறீர்கள். மகளுக்கு நீங்கள் என்ன காரணம் சொன்னீர்கள்? மகனுக்காவது இரண்டு நாள் விளையாடிக் காட்ட இடம் கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. கணிதம் அதில் கட்டாயப் பாடம், அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுத முடியாது. தேசிய அணிக்கு அடுத்த வயதுப் பிரிவு இருக்கிறது, அதற்குப் பிறகு கழகங்கள் இருக்கின்றன, லீக் இருக்கிறது. தரம் 10 கணிதத்தை அவள் எப்போது திரும்பப் படிப்பாள்?

சரி, உதைபந்துக்கு வருவோம். அதிலும் உங்கள் மகள் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்க்கவில்லை.

23 பேர் அணி என்றால் அதில் 3 பேர் கோல்காப்பாளர்கள். மிச்சம் 20 பேர், மைதானத்தில் 10 இடங்கள். ஓர் இடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு பேர். கூடப் புள்ளி எடுத்த 23 பேரை மேலிருந்து எண்ணி எடுத்தால் அது அணி ஆகாது, விங்கர் ஏழு பேரும், நடுக் காப்பில் நிற்கும் சென்டர் பேக் ஒருவரும் வந்து நிற்பார்கள். உங்கள் மகனின் போட்டி வலது விங்கில் நின்றவர்களோடு மட்டும்தான். உங்கள் கொப்பியில் அவனோடு சேர்த்து அப்படி ஐந்து பேர். அவர்களில் தெரிவான இருவரில் ஒருவர் உங்கள் புள்ளியிலேயே மகனுக்கு மேலே நிற்கிறார். ஆக, 16 பேர் என்று நீங்கள் எழுதிய அநியாயம் உண்மையில் ஒரே ஒரு பையனைப் பற்றிய கேள்வி.

அப்புறம், உங்களுடைய ஐந்து நிரல்களில் நான்கு பந்து காலில் இருக்கும்போது பார்ப்பவை. 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரனின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் முழுவதும் அவன் என்ன செய்கிறான் என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை. பந்து பறிபோனதும் விங்கர் திரும்பி ஓடிவந்து, பின்னால் தனியாக மாட்டிக்கொண்ட ஃபுல் பேக்குக்கு, அதாவது ஓரக் காப்பு வீரனுக்குத் துணை நிற்கிறானா? பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? இடது காலால் ஒரு பாஸாவது கொடுக்கிறானா, இல்லை எல்லாவற்றையும் வலது காலுக்கு மாற்றிக்கொண்டு நேரத்தைத் தொலைக்கிறானா? பயிற்றுநர் சத்தம் போட்ட அடுத்த நிமிடம் அவன் முகம் எப்படி இருந்தது? விஷயம் தெரிந்த தெரிவாளர் இவற்றுக்குத்தான் காத்திருப்பார்.

நவம்பர் என்று எழுதினீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச வயதுப் பிரிவுகளுக்கு எல்லைக்கோடு ஜனவரி 1. அதே வருடம் ஜனவரியில் பிறந்தவன் உங்கள் மகனைவிடப் பத்து மாதம் மூத்தவன். பத்து வயதிலிருந்தே இது வேலை செய்கிறது. பெரிய உடம்புக்காரன் முதலில் தெரிவாகிறான், தெரிவானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது, பயிற்சி கிடைத்ததால் அடுத்த முறையும் தெரிவாகிறான். 1980களில் கனடாவில் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தபோதுதான் இது முதலில் பெரிதாக வெளியே வந்தது. உதைபந்தாட்டத்திலும் நாட்டுக்கு நாடு இதையே கண்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே இளையோர் மட்டத்தில் தனி அணி வைத்திருக்கிறார்கள். ஆள் சிறியவன் என்று இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகம் விட்டுவிட்டது. 2016இல் லெஸ்டர் கழகத்துக்காக இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வென்றார். அந்துவான் கிரீஸ்மானைப் பிரான்ஸ் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயரத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பின. ஸ்பெயினில் ரியல் சோசிடாட் எடுத்தது. 2018இல் பிரான்ஸோடு உலகக் கிண்ணம் வென்றார். உங்கள் மகனும் அப்படி வருவான் என்று நான் சொல்லவில்லை. 16 வயதில் போடும் பட்டியல் கடைசிப் பட்டியல் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை நம்பி வீட்டில் எதையும் அடகு வைக்கக் கூடாது என்பதையும்.

தமிழ்ப் பையன் என்பதால் விட்டார்களா என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இந்த நாட்டில் அந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் பையன்கள் தேசிய அணிகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கொழும்பின் தமிழ் பேசும் தெருக்களிலிருந்தும்தான். ஆனாலும் பாரபட்சம் நடந்திருந்தால் அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். ஒரு பையனுக்குக் கூடினதும் மற்றவர்களுக்குச் சராசரியுமாகப் போட்ட கொப்பியைக் கொண்டுபோய் வைத்தால் முதல் பக்கத்திலேயே உங்கள் வாதம் விழுந்துவிடும். முதலில் பாடசாலைப் பயிற்றுநர் மூலமாக உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், 'அடுத்த ஆறு மாதத்தில் இவன் எந்த இரண்டு விஷயத்தைத் திருத்த வேண்டும்' என்று கேளுங்கள். அதற்குப் பதில் வருவது சுலபம். வந்தால் மகனுக்கு வேலை கிடைக்கும். வராவிட்டால் நீங்கள் கேட்டதற்காவது எழுத்தில் சாட்சி இருக்கும்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் போகாதீர்கள். 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி நாட்டின் பெயரில் ஆடும் அணிக்கு அமைச்சரின் அனுமதி வேண்டும், அதனால்தான் நம் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் அந்தப் பக்கம் ஓடத் தோன்றுகிறது. வெளியார் தலையீட்டைச் சொல்லித்தான் சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனமான பீஃபா 2023 ஜனவரியில் இலங்கையைத் தடை செய்தது. அந்த வருடம் ஆகஸ்டில் தடை நீங்கும்வரை நம் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரு சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. உங்கள் மகனைப் போல எத்தனை பேருக்கு அந்த வயது அப்படியே கழிந்துபோயிருக்கும்! அதே வழியில் உங்கள் மகன் உள்ளே போனால், மற்றப் பையன்கள் அவனை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் யோசியுங்கள்.

கடைசியாக, அவன் சாப்பிடாதது. பட்டியலில் பெயர் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். தங்கையின் வகுப்பு எதற்காக நின்றது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து படிக்கிற பிள்ளைகள். தங்கையின் படிப்பு தன் காலில் கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு பையன் முகாமில் எப்படி ஓடுவான்? பந்தை இழந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே விங்கர் பின்பாஸ் கொடுப்பான், ஆளைத் தாண்டிப் போகத் துணிய மாட்டான். இரண்டாம் நாள் அவனுக்கு நீங்கள் போட்ட டிரிப்ளிங் புள்ளி முதல் நாளைவிட ஏன் குறைந்தது என்று அவனிடம் கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள். தோற்றதற்கான வெட்கத்தோடு இந்தக் கடனையும் அவன் சுமக்கிறான். அந்தக் கடனை வைத்தது நீங்கள், இறக்க வேண்டியதும் நீங்கள்தான்.

தனிப் பயிற்சியை நிறுத்துங்கள். பாடசாலைப் பயிற்சியும் ஞாயிறு ஆட்டமும் அவனுக்கு இப்போது போதும். அவன் கேட்டால் காரணத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள், 16 வயதுக்கு அது விளங்கும்.

சனிக்கிழமை நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்தானே. அந்த நேரத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய கணித ஆசிரியரிடம் போங்கள். வகுப்பை நிறுத்தியது நீங்கள் என்பதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள். ஜனவரியிலிருந்து விட்டுப்போன பாடங்களுக்கு என்ன செய்யலாம், மேலதிக வகுப்பு வேண்டுமா, அதற்கு எவ்வளவு என்று கேட்டு, முதல் மாதக் காசைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொப்பியை எடுத்து, பென்சிலால் கேட்டிருக்கிற கேள்விக்குக் கீழே 'ஓம், எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்' என்று எழுதிக் கொடுங்கள். மகன் எத்தனையாவது இடம் என்று அவள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.