காசிக்குச் சேமிக்க என்ன வழி?

கேள்வி: காரைக்குடியில் கை முறுக்கு, சீப்புச் சீடை செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். வருமானம் சீராக இல்லை. இரண்டு ஆண்டுகளில் கணவருடன் காசிக்குச் சென்றுவர எப்படிச் சேமிப்பது? – ஒரு வாசகி

பதில்: முகூர்த்த மாதங்களில் ஆர்டர் குவிவதும், ஆடியிலும் மார்கழியிலும் எண்ணெய்ச் சட்டிக்கு வேலையில்லாமற்போவதும் உங்கள் தொழிலின் இயல்பு என்பதால், நல்ல மாதத்தை வைத்து மாதச் சேமிப்புத் தவணையை முடிவுசெய்யாமல், ஆடி மாதத்திலும் கடன் வாங்காமல் கட்டக்கூடிய தொகையையே தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிவரும் அஞ்சலகத் தொடர் வைப்பை (RD) மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். ஆனால் அதன் காலம் 5 ஆண்டுகள். உங்களுக்கு வங்கியின் 24 மாதத் தொடர் வைப்பே பொருந்தும். கல்யாண ஆர்டருக்கு முன்பணம் வாங்கும்போது, அரிசி, உளுந்து, எண்ணெய்ச் செலவு போக நிற்கும் கூலியில் ஒரு பகுதியை அன்றைக்கே தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அஞ்சறைப்பெட்டியில் வைத்த பணம் காசி வரை வராது. தெருவில் நடக்கும் பதிவில்லாச் சீட்டு வேண்டவே வேண்டாம். ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டதால், இருவருக்கும் முழுக் கட்டணமாகவே கணக்கிடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். அதற்குள் டிக்கெட் பணம் கையில் இருக்கும்படி வைப்பின் முதிர்வு நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.