பச்சரிசியும் பட்டினியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அரிசி டப்பாவில் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். பூஜையறை விபூதியும் குறைந்துகொண்டே வருகிறது. மசக்கை என்று விட்டுவிடலாமா, கண்டித்து நிறுத்த வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விபூதி, சாம்பல், பல்பம், செங்கல் துண்டு, மண் போன்ற உணவல்லாத பொருள்களை ஒரு மாதத்திற்கும் மேலாக விடாமல் தின்னும் பழக்கத்தை மருத்துவர்கள் 'பைகா' என்பார்கள். உண்ணுதல் சார்ந்த கோளாறுகளின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. பச்சரிசியும் ஐஸ் கட்டியும் வாயில் போடக்கூடியவைதான் என்றாலும், அவற்றின் மீது அடக்க முடியாத ஆசை எழுவதும் இதே வகையைச் சேர்ந்ததே. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருப்பதையும், அதைச் சரிசெய்ததும் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடுவதையும் மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கிறோம். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணின் கீழிமையைச் சற்று இழுத்து, உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அந்த அளவு சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கக்கூடும் என்பதால், ஃபெரிட்டின் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து கொண்ட மாத்திரையை உங்கள் மருமகள் தவறாமல் விழுங்குகிறாரா, அல்லது வயிற்றைப் புரட்டுகிறது என்று டப்பாவிலேயே விட்டுவைத்திருக்கிறாரா என்பதையும் பக்குவமாக விசாரியுங்கள். மலம் கறுத்துப்போவது இந்த மாத்திரையின் இயல்பான விளைவுதான். பயந்து நிறுத்திவிடக் கூடாது. முருங்கைக்கீரை நல்லதே, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் குறைவாகவே கிரகிக்கும் என்பதால், ஏற்கெனவே வற்றிவிட்ட சேமிப்பைக் கீரைப் பொரியலால் மட்டும் நிரப்ப இயலாது. மண்ணையும் செங்கலையும் தின்பவர்களுக்குக் குடற்புழுவும் ஈயம் போன்ற நச்சு உலோகங்களும் உள்ளே போகும் அபாயம் தனியாக உண்டு.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையைக் காலைக் காபியோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. காபி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பு உடலில் சேர்வதைக் குறைப்பவை. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் நல்லது.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் முதலில் சோற்றை நிறுத்தினாள், இப்போது ஓர் இட்லியை இருபது துண்டாக்கி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். தம்பிக்குக் கேசரி கிளறிக் கொடுப்பாள், தான் ஒரு வாய்கூட வைக்க மாட்டாள். எடை 52 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. இத்தனை பிடிவாதத்தை எப்படி உடைப்பது? சத்துமாவுக் கஞ்சியை வற்புறுத்திக் கொடுக்கலாமா?
– தாய், ஈரோடு

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை, எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியா எனும் நோயின் அடையாளங்கள். இதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினி இருக்கச் செய்தார். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்த அவர்கள், உணவைத் துண்டு துண்டாக நறுக்கி நெடுநேரம் வைத்துத் தின்றார்கள். சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். சிடுசிடுத்தார்கள், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். உங்கள் மகளின் இட்லித் துண்டுகளும் கேசரியும் பெரும்பாலும் பட்டினி கிடக்கும் மூளையின் வேலை. நோய் தொடங்குவதற்குப் பரம்பரை, பதற்றம், உடல்வாகு குறித்த அச்சம் எனப் பல காரணங்கள் சேரலாம். ஆனால் எடை ஏறாதவரை அந்த மூளையிடம் நியாயம் பேசிப் பலன் கிடைப்பது அரிது.

கஞ்சியை நீங்களாகவே அளவின்றிப் புகட்ட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென அதிகமாகச் சேர்ந்தால், ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் அவற்றின் அளவு சரியும். அதனால் இதயம் தடுமாறலாம். எனவே மருத்துவரின் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகளோடு உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூடவே மனநல மருத்துவரையும் பாருங்கள். வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோரே ஒவ்வொரு வேளையும் உடனிருந்து உண்ணவைக்கும் குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. "இப்போதுதான் ஒல்லியாக அழகாக இருக்கிறாய்" என்று சொல்லும் உறவினர்களை, அவர்கள் எவ்வளவு நெருக்கமானவர்களாக இருந்தாலும், சில மாதங்கள் சாப்பாட்டு நேரத்தில் தள்ளி வையுங்கள்.

இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் மயக்கம் வந்தாலோ, விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 50க்குக் கீழே போனாலோ, அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.