ரங்கூனிலிருந்து மோல்மேன் போகும் வழியில் பாலங்களை நம்பலாமா?

பர்மாவில் ரங்கூனிலிருந்து மோல்மேனுக்கும், அங்கிருந்து தாத்தா இருந்த முடோனுக்கும் காரில் போகலாமா, மோன் மாநிலத்துப் பாலங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, மியாங்மியா பாலம் விழுந்த செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரில் என்றால் பாலத்துக்காகப் பயப்பட வேண்டாம். உள்நாட்டுப் போரில் எங்கே சண்டை, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதைத்தான் கிளம்பும் அன்று காலையில் விசாரிக்க வேண்டும். அது தினமும் மாறும்.

நான் ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரிக்காரர்களோடு புழங்குகிறவன், அதனால் பாலம் பற்றிய பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் கட்டினது பலமா, பிறகு கட்டினது பலமா என்று டீக்கடையில் சண்டையே நடக்கும். என் கணக்கு வேறு. வயதை விடுங்கள், பாலம் எதில் தொங்குகிறது அல்லது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். இந்தப் பக்கம் எனக்குப் பயம் தருபவை 1990களின் கடைசியில் அவசர அவசரமாகக் கட்டிய கேபிள் பாலங்கள்தான்: மோல்மேனில் அட்டரான் ஆற்றுப் பாலம், அப்புறம் கரேன் மாநிலத்தில் ஜயிங் ஆற்றின்மேல் சத்தாபியினிலும் கோக்கரேக்கிலும் இருக்கிற இரண்டு. தாய்லாந்து எல்லைக்குப் போகிற சரக்கு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனால் பாலத்தில் எடைக் கட்டுப்பாடு இருந்தது. கனரக லாரிக்காரனுக்கு அது தலைவலி. ஜப்பான் 2015ல் இந்த மூன்றுக்கும் பதிலாகப் புதுப் பாலம் கட்டக் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இருபது வயதுகூட ஆகாத பாலத்தை மாற்ற யாராவது கடன் வாங்குவார்களா?

கேபிள் பாலத்தில் சிக்கல் என்னவென்றால் நோய் வெளியே தெரியாது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பிகளுக்கு நடுவில் தண்ணீர் இறங்கி, கரையில் கேபிளைப் பிடித்துவைத்திருக்கிற கட்டுமானத்துக்குள்ளும் தேங்கி, வருடக்கணக்கில் துரு தின்றுகொண்டே இருக்கும். மோல்மேனில் சராசரியாக ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கடல் காற்று வேறு. இரும்புச் சட்டப் பாலத்தில் ஒரு துண்டு துருப்பிடித்தால் ஏறிப் பார்த்து மாற்றிவிடலாம். முக்கியக் கேபிள் போனால் பாலமே போச்சு. நீங்கள் படித்த மியாங்மியா பாலம் ஐராவதி டெல்டாவில் இருந்த தொங்கு பாலம்தான். 2018 ஏப்ரல் 1 அன்று லாரியோடு விழுந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். கட்டிக் கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

உங்கள் வழியில் நான் சொன்ன அந்த மூன்று கேபிள் பாலங்களில் ஒன்றுகூட வராது. பெகு தாண்டி சிட்டாங் ஆற்றை 2008ல் திறந்த பாலத்தில் கடப்பீர்கள் (1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பிரிட்டிஷ்காரன் தன் படையில் பெரும்பகுதி அக்கரையில் நிற்கும்போதே வெடிவைத்துத் தகர்த்தது அதே ஆற்றில் இருந்த ரயில் பாலத்தை). அப்புறம் தாட்டோன், மொத்தமா, 2005ல் திறந்த சால்வீன் பாலம். அதற்கு முன்னால் மொத்தமாவில் இறங்கி பெர்ரிக்குக் காத்திருந்துதான் மோல்மேன் வர வேண்டும். இது கான்கிரீட் தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கிற இரும்புச் சட்டப் பாலம், ரயிலும் போகும், என் நம்பிக்கை இதற்கு உண்டு. முடோன் அங்கிருந்து நேர் தெற்கே, அட்டரானைக் கடக்கவே வேண்டாம்.

சரி, மாண்டலே பக்கத்துச் சகாயிங்கில் 1934ல் கட்டிய ஆவா பாலம் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் விழுந்து, பக்கத்திலேயே 2008ல் திறந்த யதனாபோன் பாலம் நின்றுவிட்டதே, அப்படியென்றால் பழசுதானே ஆபத்து என்று யாராவது கேட்பார்கள். 7.7 அளவு நடுக்கம், பூமியின் பிளவுக்கோடு பக்கத்திலேயே. பழைய பாலங்களை நிலநடுக்கத்தை நினைத்துக் கட்டவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது வேறு ஆபத்து. தினசரி லாரியும் மழையும் தின்கிற பாலத்தை அதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

மழைக்காலத்தில் இந்த ஊரில் பாலத்தைவிட மண்தான் முதலில் போகும். 2019 ஆகஸ்டில் மோன் மாநிலத்துப் பவுங் பக்கம் மலை சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நெடுஞ்சாலையும் மண்ணில் மூடியது. 2018ல் சுவா அணையின் மிகைநீர்ப் போக்கி உடைந்தபோது வெள்ளம் ரங்கூன்–மாண்டலே சாலைப் பாலத்தையே சேதப்படுத்தியது. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வராதீர்கள். நவம்பருக்கு மேல் வாருங்கள், பகலிலேயே ஓட்டுங்கள். பாலத்தில் முன்னால் கனமான லாரி போனால் அது இறங்கும்வரை இக்கரையிலேயே நில்லுங்கள், பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.