கேமரா இருக்கட்டும், முதலில் ஃபேனை அணைக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மாணவர்களுக்கான குறும்படப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஐந்து நிமிடப் படம், ஐந்து வாரத்தில் அனுப்ப வேண்டுமாம். ஃபோனில் எடுத்தால் பரிசு வராது, அறுபதாயிரத்துக்குக் கேமரா வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மெரினாவில் துரத்தல் காட்சியெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். இது போதாதென்று, இணையத்தில் ஏதோ சர்வதேச விழா, 2,500 ரூபாய் கட்டினால் அதற்கும் அனுப்பலாம் என்கிறான். என் கணவர் ராத்திரியில் வாடகை கார் ஓட்டுபவர். விடியற்காலை வந்து படுத்தால் மதியம் வரை தூக்கம். அதுவரை வீட்டில் ஒரு சத்தம் வரக் கூடாது. இதெல்லாம் இன்னும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் ‘சினிமாப் பைத்தியம்’ என்பார். நான் என்ன செய்வது? — ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம். நகைக் கடன் அது இது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடுங்கள். கையில் இருக்கும் ஃபோன் போதும்.

சாலிகிராமத்தில் எடிட்டிங் அறைகளில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகவும் நாலைந்து முறை போயிருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பையனே கேமராப் பேச்சை விட்டுவிடுவான். ஒரே நாளில் முப்பது, நாற்பது படம் பார்க்க வேண்டியிருக்கும். முதல் படத்தில் ஒரு பையன் செல்ஃபோனுக்கு அடிமையாகிக் கடைசியில் திருந்துவான். மூன்றாவது படத்திலும் திருந்துவான். ஏழாவது படத்தில் அவன் திருந்துவதற்குள் நாங்கள் டீ சொல்லிவிடுவோம். நடுநடுவே ஒரு நண்பன் சாவான், பெரிய படத்தின் பின்னணி இசை அலறும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் அறிவுரை வரும். இதில் பல படங்கள் நல்ல கேமராவில் எடுத்தவைதான். முகம் பளிச்சென்று, பின்னால் எல்லாம் மங்கலாக, பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால் ஃபேன் சத்தம்தான் கேட்கும். ‘என்ன சொன்னான்?’ என்று பக்கத்து நடுவரைக் கேட்போம், அவர் என்னைக் கேட்பார். படம் கொஞ்சம் மங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும். காது அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

ஒரு வருடம் இரண்டு பெண் பிள்ளைகள் நாலு நிமிடப் படம் ஒன்று கொண்டுவந்தார்கள். சாதாரண ஃபோனில் எடுத்தது. மெட்ரோ வாட்டர் லாரி வந்து தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. கண் சரியாகத் தெரியாத பாட்டி ஒருத்தி குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி நிற்கிறாள். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. முதலில் கனமாக இருக்கிறது, குடம் நிறைய நிறைய மேலே ஏறி, கழுத்துக்கு வரும்போது கீச்சென்று ஆகிறது. உள்ளே காற்று நிற்கும் இடம் குறைந்தால் சுருதி ஏறும், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான். அந்தச் சுருதி வந்த நொடியில் பாட்டி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிக் குழாயை மூடுகிறாள். ஒரு சொட்டு வழியவில்லை. அடுத்த குடம், அதற்கடுத்த குடம், எல்லாம் அப்படியே. கடைசிக் குடத்தைப் பேத்தி பிடிக்கிறாள், வழிந்துவிடுகிறது. அவ்வளவுதான் படம். ஒரு வரி வசனம் கிடையாது. நடுவர்கள் மூன்று பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்த சீட்டில் அந்தப் படத்தின் பெயர்தான் முதலில் இருந்தது.

இனி கொஞ்சம் தம்பியிடம் பேசுகிறேன், இந்தப் பகுதியை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, படம் பிடிக்கிற ஃபோன் பேசுகிறவனிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருக்கும். அதில் பதிவாகும் குரலை நம்பாதே. இன்னொரு ஃபோனை வாங்கி, ஒயர் உள்ள ஹெட்ஃபோனின் மைக்கைச் சட்டைக் காலருக்குக் கீழே ஒட்டி, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஃபோனைப் பேசுகிறவனின் பைக்குள் போடு. தனி காலர் மைக்தான் வேண்டுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு ஷாட் ஆரம்பிக்கும்போதும் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டு. எடிட்டிங்கில் கைகள் சேர்கிற ஃபிரேமையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் நேராக வைத்தால் குரலும் உதடும் ஒட்டிக்கொள்ளும். ஷூட்டிங்கில் கிளாப் பலகை அடிப்பதும் இதற்குத்தான்.

ஃபேனை அணை. ஃப்ரிட்ஜையும் அணை. திரும்பப் போட மறந்தால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய், அதனால் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளே வைத்துவிடு. சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம் இது. எடுத்து முடித்ததும் அந்த இடத்தில் யாரும் பேசாமல், அசையாமல் 30 விநாடி வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள். அமைதி என்று நாம் நினைக்கிற எதுவும் அமைதி இல்லை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு முனகல் உண்டு. வெட்டி ஒட்டுகிற இடங்களில் அதை அடியில் விரித்தால்தான் சத்தம் தூக்கித் தூக்கிப் போடாமல் இருக்கும்.

இரண்டு ஃபோனையும் ஏர்ப்ளேன் மோடில் போடு. நல்ல ஷாட் ஓடும்போதுதான் அத்தை கூப்பிடுவாள். டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் சில நேரம் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, அதுதான் காரணம். ஃபோன் கேமராவில் அமைப்புகளை நாமே மாற்ற விடும் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வை. இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடு. வெளியே எடுப்பதென்றால் காலையில் எட்டு மணிக்குள் முடி. மெட்ராஸ் உச்சி வெயிலில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். கணினி மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்க வேண்டும். ஃபோனிலேயே வெட்டுவதானால், முடித்த படத்தின் மூலையில் அந்தச் செயலியின் முத்திரை வருகிறதா என்று முதல் நாளே சோதித்துப் பார். கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பில் வரும்.

சினிமாப் பாட்டு, சினிமாப் பின்னணி இசை எதையும் தொடாதே. பல போட்டிகளில் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும் படங்கள் இவைதான். பாரதியார் பாடல் வரிகளை யாரும் எடுத்தாளலாம். 1949-இல் அவர் எழுத்தின் உரிமையை அரசு வாங்கியது, பிறகு அது பொதுச் சொத்தானது. ஆனால் சினிமாவில் வந்த பாரதி பாட்டின் மெட்டும் ஒலிப்பதிவும் வேறொருவருடையது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உன் வகுப்பில் பாடத் தெரிந்த ஒருவர் இருப்பார், சொந்த மெட்டில் பாடச் சொல்லிப் பதிவு செய். இல்லை, பாட்டே வேண்டாம் என்று விட்டுவிடு.

மெரினா துரத்தலையும் விட்டுவிடு. மணலில் ட்ரைபாடை விரித்தால் அனுமதி எங்கே என்று கேட்பார்கள். ரயில் நிலையம் என்றால் ரயில்வே அனுமதியும் கட்டணமும் வேறு. அதைவிட, மணலில் ஓடுகிற பையன்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

இப்போது உங்களிடம் வருகிறேன், சகோதரி. அந்த 2,500 ரூபாயைக் கட்டாதீர்கள். நுழைவுக் கட்டணம் வாங்குகிற எல்லா விழாவும் ஏமாற்று இல்லை; நல்ல விழாக்களும் வாங்குகின்றன. ஆனால் எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிடுகிறார்கள், நடுவர்கள் யார், போன வருடம் ஜெயித்த படத்தை எங்கே பார்க்கலாம் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். மாதாமாதம் விருது கொடுக்கிற விழா என்றால் அங்கே விற்பனையாவது சான்றிதழ்தான். நானே ஒருமுறை கட்டி ஏமாந்தேன். பிடிஎஃப்பில் விருது வந்தது, என் படத்தின் பெயரைத் தப்பாக அடித்து. எங்கே திரையிட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை.

அவன் பெயர் கொடுத்திருக்கிற போட்டியின் விதிமுறையை நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். ஐந்து நிமிடத்தில் பெயர் ஓடுகிற நேரமும் சேர்த்தியா, வசனத்தைத் திரையின் அடியில் எழுத்தாகவும் போட வேண்டுமா, படத்தின் உரிமை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். நடிக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். கேட்கிறார்களோ இல்லையோ, அது நல்லது.

உங்கள் கணவர் விஷயம்தான் பெரியது. மறைத்துச் செய்ய வேண்டாம், ஐந்து வாரத்தில் எப்படியும் தெரிந்துவிடும். கணக்காகப் பேசுங்கள்: எழுத ஒரு வாரம், எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வெட்ட மிச்ச நாட்களில் தினமும் ஒரு மணி நேரம். நடுவில் பரீட்சை வந்தால் பரீட்சைதான் முதலில், இதைப் பையனே அப்பாவிடம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளிலேயே 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, விமர்சனம் எழுதச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். குறும்படப் போட்டி நிகழ்ச்சியான ‘நாளைய இயக்குநர்’ வழியாக வந்த கார்த்திக் சுப்பராஜ் பொறியியல் படித்துவிட்டு வந்தவர்தான். ஆர்வம் நிலைத்தால் பன்னிரண்டு முடித்த பிறகு தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது, கலைக் கல்லூரிகளில் விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படிப்பு இருக்கிறது. நிலைக்காவிட்டால் ஒரு படம் எடுத்தவன் என்ற பெயராவது மிஞ்சும்.

நடுவராகப் போகிறவன் கதை சொல்லிக் கொடுப்பது முறையில்லைதான். உங்கள் மகனின் போட்டிக்கு நான் நடுவர் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அவர் தூங்குகிற வரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் வரக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு நீங்கள் எப்படிச் சமைக்கிறீர்கள்? விசில் வரும் என்று குக்கரை எடுக்காமல் சோறு வடிக்கிறீர்களா? பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்து வைக்கிறீர்களா? ‘பழைய இரும்பு, பழைய பேப்பர்’ என்று ஸ்பீக்கர் வண்டி தெருவில் நுழையும்போது யார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறார்கள்? பையன் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய்ப் போடுகிறானா? பெரம்பூரில் ஒரு வீடு, ஒரு மனிதர் தூங்குவதற்காகக் காலை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த அனுமதியும் வேண்டாம், எந்த நடிகரும் வேண்டாம். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தரவும் வேண்டாம்.

அப்பாவுக்குத் தெரியாமல் தூங்கும்போது எடுத்துவிட வேண்டாம். படம் எடுப்பதற்கு முந்தின நாள் மதியம் அவர் எழுந்து சாப்பிட்டு முடித்த பிறகு பையனே போய்க் கேட்கட்டும். வசனம் கிடையாது, மேக்கப் கிடையாது, படுத்திருந்தால் போதும் என்று சொன்னால் பெரும்பாலும் சிரிப்பார்.

அவர் குறட்டை விடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. விடுவாரென்றால் அதையும் மைக்கைப் பக்கத்தில் வைத்துத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.